கோணல் இழையும் கோணாத மனமும்

 

மார்கழி விடியலில் எங்கள் ஸ்ரீமுஷ்ணத்து வீதிகளில் நடந்தால் வாசல்தோறும் புள்ளிக்கோலமும் சிக்குக்கோலமும் காணலாம். நண்பகலுக்குள் மக்கள் காலடியும் வண்டிச் சக்கரமும் அவற்றைக் கலைத்துவிடும். மறுநாள் அதே கை, அதே வாசலில் புதிதாய்ப் புள்ளி வைக்கும். அழியும் என்று அறிந்தே வரையப்படும் சித்திரம் இது. பற்றின்மை என்னும் பெரும்பாடத்தை நம் வாசற்படியிலேயே முன்னோர் எழுதி வைத்தனர் எனலாம்.

இன்றோ அப்பாடம் மங்கிவருகிறது. கைப்பேசியில் காணும் பிழையற்ற கோலங்களோடு தம் கோலத்தை ஒப்பிட்டு, "எனக்கு வராது" என்று மாவுக் கிண்ணத்தைத் தள்ளிவைக்கும் இளம்பெண்கள் பலர். பள்ளியிலும் இதனைக் கண்டிருக்கிறேன். ஒரு கோடு கோணினால் அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாளையே கிழித்துவிட்டு அழும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு வரையத் தெரியாமல் இல்லை. பிழையைப் பொறுக்கத் தெரியவில்லை. படத்தை மட்டும் பாராதே, வரையும் பிள்ளையைப் பார் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம்.

இத்துன்பத்தின் வேர் எது? குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களை நாம் அறிவோம். "என் கைவேலையில் குறை இருக்கலாமா?" என்பது மானம். குறை கண்டவுடன் தன்மீதே எழும் வெறுப்பு குரோதம். அதனைப் பிறர் காணாது மறைப்பது மாயை. இன்னும் பாராட்டு வேண்டும் என ஏங்குவது லோபம். கோணிய இழை வினையைக் கட்டுவதில்லை. அதன்பொருட்டு எழும் கஷாயமே கட்டுகிறது.

கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா வீரியம், கடையிலா இன்பம் ஆகிய நான்கும் வாய்த்த நிலையே நிறைவு. அது உயிரின் இயல்பு. வினை நீங்க வெளிப்படுவது. மாவும் தாளும் மையும் புத்கலம். நம் விரலும் புத்கலமே. சேர்வதும் சிதைவதும் அதன் இயல்பு. உயிரிடம் தேடவேண்டிய நிறைவைப் புத்கலத்திடம் தேடினால் கிடைக்குமோ?

அவ்வாறாயின் ஏனோதானோவென்று வரையலாமா என்று கேட்பீர்கள். ஆகாது. அசட்டையாகிய பிரமாதமே ஹிம்சைக்கு வாயில் என்பது நம் சமயத்தின் துணிபு. வாசல் தெளிக்குமுன் எறும்பு ஊர்கிறதா என்று பார்த்து, மெல்லப் பெருக்கி, வெளிச்சம் வந்தபின் கோலம் இடுவதே நமக்குரிய ஒழுக்கம். கவனம் வேண்டும், கவலை வேண்டா. கவனம் செயலைப் பற்றியது. கவலையோ "நான்" என்பதைப் பற்றியது.

எங்களூருக்கு அண்மையில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. களிமண் உலரும்போதும் சுருங்கும், சூளையிலும் சுருங்கும். எத்துணைக் கருத்தாய்ச் செய்தாலும் சில கலங்கள் விரிசல் விடும். தொழிலறிந்தவர் அதற்காக அழுது அமர்வதில்லை. காரணம் பார்த்து, அடுத்த கலத்துக்கு மண்ணை எடுக்கிறார்.

ஜினாலயத்தில் அட்சதையால் இடும் ஸ்வஸ்திகத்தை நினையுங்கள். நான்கு கைகள் தேவ, மனித, விலங்கு, நரக கதிகள். மேலே உள்ள மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகள். பிறையும் அதன்மேற் புள்ளியும் சித்தர் உறையும் உலகம். மகாவீரரின் 2500-ஆவது முக்தி ஆண்டையொட்டி 1974-75-இல் சமணர் அனைவர்க்கும் பொதுவாக ஏற்கப்பட்ட சின்னத்திலும் இவ்வடிவம் இடம்பெற்றுள்ளது. பூசை முடிந்ததும் அந்த அரிசி அள்ளப்படுகிறது. இட்டவர் வருந்துவதில்லை, ஏனெனில் அது காட்சிக்காக இட்டதன்று.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைப் பொய்கை ஓவியம் உள்ளது. சமவசரணத்துப் பொய்கையில் பவ்வியர் மலர் கொய்யும் காட்சி என அறிஞர் கூறுவர். கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயரைக் கல்வெட்டு கூறுகிறது. தூரிகை பிடித்தவர் பெயரோ நமக்குக் கிட்டவில்லை. வண்ணங்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. எஞ்சியதே இன்றும் காண்போர் உள்ளத்தைக் குளிர்விக்கிறது.

இனி, செய்யத்தக்கது ஒன்று கூறுவேன். நாள்தோறும் சிறிது நேரம் தாளும் எழுதுகோலும், அல்லது தரையும் மாவும் கொள்ளுங்கள். முதலில் பஞ்ச நமஸ்காரத்தை ஒன்பது முறை, ஒன்றுக்கு மூன்று மூச்சாக, 27 மூச்சில் எண்ணுங்கள். காயோத்சர்க்கத்தில் கொள்ளும் அளவே இது. பின்னர் சில புள்ளிகள் வைத்து, மூச்சின் நிதானத்தில் ஒவ்வோர் இழையாக இழுங்கள். கோணினால் அழிக்காதீர்கள்; அந்த இடத்திலிருந்தே தொடருங்கள். முடிந்தபின் புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா. சற்று நோக்கி எழுந்துவிடுங்கள். குழந்தைகளோடு செய்தால் மதிப்பெண் போடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிடாதீர்கள்.

இது சாமாயிகம் ஆகாது. 48 நிமிடம் சமநிலையில் அமர்வதற்கு இயலாத மனத்துக்கு இது ஒரு படி. கோணல் இழையைச் சமநோக்கோடு காணப் பழகியவர், நாளை கோணிய சொல்லையும், கோணிய உறவையும், தம் உடலின் தளர்ச்சியையும் சமநோக்கோடு காண்பர். அந்தப் பழக்கத்தை நம் இல்லங்களில் வளர்ப்போமாக. எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க அருகன் திருவடி துணை.