உட்கிடை விசுவாசமும் இயல்பிருப்பும்

தான் அறியாத ஒன்றை மனிதன் நம்புகிறான் என்று சொல்ல முடியுமா என்னும் சமயக் கேள்விக்கு, தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறையின் பதினாறாம் நூற்றாண்டு வரலாறு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கொச்சிக்குச் சென்ற பரதவர் தலைவர்கள் அவர்தம் சமயத்தை ஏற்க உடன்பட்டதைத் தொடர்ந்து, 1530களின் நடுப்பகுதியில் ஊர் ஊராக மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களிற் பலருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. கற்பிக்கத் தமிழறிந்த குருக்கள் இல்லை.

திருச்சபை நம்புவது இன்னதென்று விரிவாக அறியாமலே, அது நம்புவதனைத்தையும் தானும் நம்புவதாகக் கொள்ளும் நிலைக்கு இறையியலார் உட்கிடை விசுவாசம் என்று பெயரிட்டனர். இடைக்கால இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் அதை ஏற்றாரெனினும், கிறிஸ்துவைப் பற்றிய முதன்மையான மறைபொருள்களையேனும் எளியவரும் அறிந்தே நம்ப வேண்டும் என்று எல்லை வகுத்தார். சீர்திருத்தச் சபையினரான கால்வினோ அதை விசுவாசமென்றே ஒப்பவில்லை. அவருடைய மறுப்பு கூர்மையானதுதான். ஆயினும் தன் வாழ்வின் எல்லாக் கூறுகளையும் தானே தேர்ந்துகொண்டவர் எவருமில்லை.

இதே சிக்கல் இணையதளங்களை உருவாக்க நிரலர் பயன்படுத்தும் சட்டகங்களிலும், அதாவது முன்னரே எழுதப்பட்ட நிரல் தொகுதிகளிலும், எழுகிறது. நிரலர் எதுவும் குறிப்பிடாதபோது தானே செயற்படும் அமைப்பு இயல்பிருப்பு, வழக்கில் டீஃபால்ட், எனப்படும். ஜாங்கோ என்னும் சட்டகத்தில், வேறு காலம் குறிக்காதவரை, பயனரைத் தளம் நினைவில் வைக்க உதவும் அமர்வுக் குக்கி இரண்டு வாரம் செல்லும். அந்த அளவு அதன் ஆவணத்தில் எழுதப்பட்டிருப்பதால், மாற்ற விரும்புபவர் எதை மாற்றுகிறோம் என்று அறிந்தே மாற்றலாம். எழுதப்படாத இயல்பிருப்பின் கீழ் ஒருவர் காக்கும் மௌனத்தை உடன்பாடாகக் கொள்வது முறையன்று.

முத்துக்குளித்துறையில், ஏற்றுக்கொண்டது இன்னதென்று எழுதிவைக்கும் அந்தப் பணி மெல்லவே நடந்தது. சவேரியார் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்வித்தார். அவருக்குப்பின் தமிழ் கற்ற அன்றீக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலையும், மறு ஆண்டு கொச்சியில் வினாவிடை நடையிலமைந்த 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் நூலையும் அச்சிட்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்தே, அம்மக்கள் ஏற்றுக்கொண்டது இன்னதென்பது அவர்கள் மொழியின் எழுத்தில் அச்சேறியது.

இயல்பிருப்பை ஆவணத்தில் எழுதியதோடு அதை அமைத்தவரின் பொறுப்பு முடிந்துவிடுமா என்பது இதனினும் கடினமான கேள்வி. ரெயில்ஸ் என்னும் சட்டகம், பயனர் அனுப்பும் தரவு முழுவதையும் தரவுத்தளப் பதிவில் அப்படியே ஏற்றிவிடுவதை இயல்பிருப்பாக வைத்திருந்தது. அதன் அபாயம் ஆவணத்தில் சொல்லப்பட்டிருந்தும், 2012 மார்ச்சில் அச்சட்டகத்தில் இயங்கிய கிட்ஹப் என்னும் நிரல் பகிர்வுத் தளத்திலேயே அந்த வழியாக அத்துமீறல் நிகழ்ந்தது. எச்சரிக்கையைப் படிக்காதவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது, ஆனால் நேர்மையன்று. ரெயில்ஸ் குழுவினரும் அப்படிச் செய்யவில்லை. அதே மாத இறுதியில் வெளியிட்ட 3.2.3 பதிப்பில், புதிய செயலிகளுக்கு அந்த இயல்பிருப்பையே மாற்றினர்.