பக்கத்து ஊர்த் தொலைவு

எங்கள் பல்கலைக்கழக ஓய்வூதியர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் தினமும் முதல் ஆளாக 'குட்மார்னிங்' போடுகிறவர் டொராண்டோவில் மகன் வீட்டில் இருக்கிறார். அகவிலைப்படி ஆணை வந்தால் உள்ளூரில் இருக்கிற எங்களுக்கு அவர்தான் முதலில் அனுப்புவார். நான் இருக்கும் ஆத்தூரிலிருந்து சில கிலோமீட்டரில், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில், உறுப்பினராக இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவி இருக்கிறார். அவருக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. சங்கப் பதிவேட்டில் உள்ளது கணவரின் கைபேசி எண். அது எப்போதோ அணைந்துவிட்டது.

இதில் தொலைவில் இருப்பவர் யார்?

பல்கலைக்கழக வேலை பல ஊர்க்காரர்களைச் சேர்த்து வைக்கும். ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலிசெய்துவிட்டு அவரவர் சொந்த ஊரைப் பார்த்துப் போய்விடுவார்கள். நானும் அப்படி ஆத்தூருக்கு வந்தவன்தான். சில இடங்களில் பல்கலைக்கழகமே மாறிவிடுவதும் உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. 1989இல் சென்னைக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் உருவானதும் அதில் சேர்ந்தது. கல்லூரி தூத்துக்குடியை விட்டு அசையவில்லை. ஆனால் ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்து வேலை பார்த்த மூன்று பேர் மூன்று பல்கலைக்கழகங்களின் பெயரில் ஓய்வு பெற்றிருக்க முடியும். தலைமையிடத்தில் கூட்டம் போட்டு இவர்களை ஒன்றுசேர்க்க நினைத்தால் கோவையா, சென்னையா, நாகையா? முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து போய்ப் பொன்னாடை வாங்கிக்கொண்டு வரும் தெம்பு எழுபத்தைந்து வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்?

"பெரிசுகள் கூடினால் டி.ஏ., அரியர், இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது" என்று இளையவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் குறையொன்றும் தெரியவில்லை. பத்து வருஷமாகப் பேசாத ஒருவரைக் கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். "அண்ணாச்சி, உங்களுக்கு அரியர் ஏறிருச்சா?" என்று கேட்கக் கூச்சமில்லை. அரியரில் ஆரம்பித்த பேச்சு கண் அறுவைச் சிகிச்சைக்கும் பேத்தி கல்யாணத்துக்கும் தானாக வந்து சேரும்.

பணத்துக்காகச் சேர்ந்து நின்றதில் பெருமைப்படவும் இடமிருக்கிறது. 31.3.1979 என்று ஒரு தேதியை வைத்து, அதற்கு முன் ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய ஓய்வூதியக் கணக்கீடு இல்லை என்றார்கள். டி.எஸ். நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. ஓய்வூதியம் சலுகையல்ல, உரிமை என்றும் சொன்னது. தீர்ப்பு வந்த 1982 டிசம்பர் 17ஐத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். மாலை மரியாதையில் நாம் மறந்துவிடுகிற ஒன்று: அந்த மனுதாரர்களில் மூன்றாவது ஒரு பதிவு பெற்ற சங்கம். தனித்தனியே நீதிமன்றப் படியேற முடியாமல் நாடெங்கும் சிதறிக் கிடந்தவர்களுக்காக அது நின்றது. வர முடியாதவருக்காக நிற்பதற்குத்தான் சங்கம். வரக்கூடியவர்கள் காபி குடிக்க ஓட்டல் போதும்.

எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை நட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. வளர வளர, பதினைந்து இருபது நாளுக்கொரு முறை, வாழைநாரால் அகத்தியோடு இளக்கமாகக் கட்டிக்கொண்டே வர வேண்டும். ஆண்டுக்கொரு பொதுக்குழுவை நம்பியிருக்கும் சங்கத்துக்கு இது புரிவதில்லை. வட்டாரத்துக்கு ஒருவர், அவர் பொறுப்பில் பத்து வீடு, மாதம் ஒரு போன்: இதற்குச் செயலியும் வேண்டாம், நிதியும் வேண்டாம். அரசு ஓய்வூதியரின் உயிர்ச்சான்றை 70 ரூபாய்க்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து எடுத்துப் போகிறார். அவருக்குத் தெரிந்த வழி நமக்குத் தெரியாதா?

புன்னைக்காயலுக்குப் போனபோது அந்த மதினி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். கணவரின் ஓய்வூதிய ஆணை, பாஸ்புக், இறப்புச் சான்று எல்லாம் இருந்தன. ஆதாரில் ஒரு பெயர், ஓய்வூதிய ஆணையில் வேறு இனிஷியல். பிறந்த தேதிக்குச் சான்று இல்லை. குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது நிறைந்தால் கூடுதலாக 20 விழுக்காடு உண்டு என்பதே அவருக்குப் புதுச் செய்தி. "அவுக இருக்கும்போது எல்லாத்தையும் அவுகளே பாத்துக்கிட்டாக" என்றார். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். வாட்ஸப்பும் கணவருடைய போனில்தான் இருந்தது.

சங்கத்தில் சேரும் அன்றே கணவன், மனைவி இருவர் பெயரிலும் உறுப்பினர் அட்டை, இருவர் எண்ணும் பதிவேட்டில் என்று விதியை மாற்றுங்கள் என எழுதிக் கேட்டேன். பொருளாளர் நல்ல மனிதர், நியாயமாகத்தான் பதில் சொன்னார்: "விதியை மாத்தப் பொதுக்குழு தீர்மானம் வேணும் சார். ஓட்டு உறுப்பினருக்கு மட்டும்தான்." அப்படியானால் தீர்மானத்துக்குக் கை தூக்கப்போவது நாங்கள்தான், எங்கள் வீட்டில் யாருடைய எண் அந்தப் பதிவேட்டில் இல்லை என்பதை அன்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கட்டும் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறேன்.