உடனிருத்தலும் விடுத்தலும்

பள்ளிக்கல்வி முற்றி, கார் செலுத்தப் பயிலும் மக்கள்பால் பெற்றோர் கொள்ளும் அச்சம் அன்போ, பாசமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. பயில்வோர் அருகே உரிமம் உடையார் ஒருவர், வண்டியை நிறுத்தவல்ல இடத்தில் அமர்தல் வேண்டுமென 1989-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வண்டி விதிகள் கூறும். 18 வயது நிரம்பாமுன் கார் செலுத்த உரிமமும் இல்லை. இங்ஙனம் பக்குவம் நோக்கித் தாழ்த்தல் வன்கண்மையன்று. மலபரிபாகம் நோக்கி அருளும் இறைவன் நெறியும் அதுவே. பயிற்சி முற்றிய பின்னும் தடுத்தலோ, 'எமது' என்னும் பற்றேயாம். வழியில் ஊறு நேரின் என்செய்வதெனின், கற்பித்தலே பெற்றோர்க்கு இயலும். முற்றும் காத்தல் இயலாது. உயிர்க்கு ஒன்றாய், வேறாய், உடனாய் என்றும் நிற்பவன் சிவபெருமான் ஒருவனே. ஆதலின், உரிய நாளில் திருநீறிட்டுத் திறவுகோலை அளித்தல் கைவிடுதலன்று. நீங்காத் துணைவனிடம் ஒப்புவித்தலேயாம்.