பத்ருக்குச் செல்லாதவரின் பங்கு

காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரின் கடைத்தெருவில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. ஜவுளிக்கடை ஒன்றில் 16 ஆண்டுகளாகப் பணிபுரியும் ஊழியர் ஒருவர். அவருடைய தந்தை பக்கவாதத்தால் ஒரு கையும் ஒரு காலும் செயலிழந்து படுக்கையில் இருந்தார். வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் அவரைப் பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பெரியவரைத் தூக்கி ஆட்டோவில் அமர்த்த வீட்டில் வேறு ஆண்துணை இல்லை. ஊழியர் முதலாளியிடம் அந்த இரண்டு பிற்பகல்களைக் கேட்டார். முதலாளி கல்நெஞ்சர் அல்லர். உடனே கல்லாவைத் திறந்து 5,000 ரூபாயை எடுத்து நீட்டி, "அத்தாவுக்கு மருந்து வாங்கு தம்பி, திருப்பித் தரவேண்டாம்" என்றார். நேரத்தைப் பற்றி மீண்டும் கேட்டபோதோ, "எல்லார் வீட்டிலும்தான் அத்தா இருக்கிறார். அதற்காக நான் கடையைப் பூட்டிவிடவா?" என்று கூறிவிட்டார்.

பணத்தைத் தாராளமாக வழங்கிய கை, நேரத்தை வழங்கும்போது ஏன் மடங்கியது? இக்கேள்வி நெடுநாள் நம் நெஞ்சை உறுத்திற்று. அவர் கொடுத்த பணம் தருமம். கொடுத்தவருக்கு நன்மை, பெற்றவருக்கு நன்றிக்கடன். நேரமோ அப்படியன்று. நேரத்தைக் கொடுப்பதென்றால், ஊழியர் தம் தந்தைக்கு ஆற்றும் பணிவிடைக்கும் தம் கடைக்கும் ஓர் உறவு உண்டென்று முதலாளி ஒப்புக்கொண்டாக வேண்டும். அவர் மறுத்தது அந்த உறவைத்தான். அவ்வுறவு உண்டா, இல்லையா? உழைப்பவன் தன் வீட்டு நோயாளியைப் பேண இடம் தருவது முதலாளியின் தயவா, அல்லது உழைப்பவனின் ஹக்கா? இதையே இங்கு ஆராய விழைகின்றோம்.

பெற்றோரைப் பேணுவதன் சிறப்பை நம் மக்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதுமையடைந்த தாய் தந்தையர் முன் சலிப்பைக் காட்டும் சிற்றொலியும் எழலாகாது என்பது திருமறையின் கட்டளை என்பதை மதரஸாவில் ஓதும் சிறுபிள்ளையும் அறியும். ஜும்ஆ மேடைகளில் அது மீண்டும் மீண்டும் நினைவூட்டப்படுகிறது. ஆனால், இவ்வுபதேசம் முழுவதும் பிள்ளையை நோக்கியே பேசப்படுகிறது. அந்தப் பிள்ளையின் பகற்பொழுது முழுவதும் வேறொருவர் கையில் இருப்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

முன்னாளில் நிலைமை இவ்வாறில்லை. பத்தமடையில் வீட்டுக்குள்ளேயே கோரைப்பாய் நெய்த நம்மவருக்கு, தறிக்கும் தாயின் கட்டிலுக்கும் இடையே இருந்தது ஓர் அறையின் தூரமே. தாய் முனகினால் எழுந்து சென்று ஒரு மிடறு நீர் புகட்டிவிட்டு மீண்டும் தறியில் அமரலாம். இன்று பிள்ளை கடைக்கும் தொழிற்சாலைக்கும் கடல் கடந்த நாட்டுக்கும் சென்றுவிட்டான். கடமை அவனுடன் இருக்கிறது. கடமையை ஆற்றுவதற்கான பொழுது அவனுடன் இல்லை. ஒருவனுடைய பொழுதை விலைக்கு வாங்குகிறவர், அப்பொழுதின்மீது ஏற்கெனவே பிறருக்கு உள்ள உரிமையையும் சேர்த்தே வாங்குகிறார் என்பது நம் கருத்து. அடமானம் உள்ள நிலத்தை வாங்குகிறவர், அந்த அடமானத்தைக் காணாததுபோல் இருக்க முடியுமா?

நாட்டின் சட்டங்களை நோக்கினால் இம்முரண்பாடு இன்னும் தெளிவாகும். 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், தன் பொறுப்பிலுள்ள முதியவரைக் கைவிடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்க இடமளிக்கிறது. கைவிட்டால் தண்டனை உண்டு. ஆனால், கைவிடாமல் உடனிருந்து பேண, தனியார் கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பிள்ளைக்கு அச்சட்டம் ஒரு நாள் விடுப்பைக்கூடப் பெற்றுத் தரவில்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு கிடைக்கிறது. அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு மருத்துவமும் கிடைக்கிறது. அந்த மருத்துவத்துக்காகத் தாயைத் தாங்கி அழைத்துச் சென்று வரிசையில் நின்ற நாளுக்கு மட்டும் கூலி கிடையாது.

நம்மவர் பல்லாயிரவர் உழைக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட தொழிலாளர் சட்டம், தாயோ தந்தையோ இறந்தால் 3 நாளும், கணவனோ மனைவியோ இறந்தால் 5 நாளும் ஊதியத்துடன் விடுப்பு வழங்குகிறது. நன்று. ஆனால், அதே தாய் உயிருடன் கிடந்து மகனின் முகம் காண ஏங்கும் நாட்களுக்கென்று அதில் தனி விடுப்பு இல்லை. மைய்யித்தைச் சுமக்க விடுமுறை உண்டு. நோயாளியைச் சுமக்க விடுமுறை இல்லை! இறந்தவர்க்குக் காட்டும் மரியாதையை, அவர் இருக்கும்போதே காட்டலாகாதா?

இனி, நம் வரலாற்றின் ஒளிமிகுந்த ஏட்டைப் புரட்டுவோம். ஹிஜ்ரி 2, கி.பி. 624ஆம் ஆண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் மதீனாவிலிருந்து புறப்பட்ட வேளையில், அவர்களுடைய அருமை மகளார் ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றுக் கிடந்தார்கள். கணவர் உதுமான் (ரலி) அவர்கள் மனைவிக்குத் துணையாக மதீனாவில் தங்கினார்கள். பத்ருக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 313 பேர். எதிரே திரண்டு வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய நேரத்தில் ருகையா (ரலி) அவர்களின் நல்லடக்கம் நடந்துகொண்டிருந்தது. களத்தையே காணாத உதுமான் (ரலி) அவர்களுக்கு, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் கனீமத்துப் பங்கும் உண்டென்று பெருமானார் (ஸல்) அறிவித்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் இப்னு உமர் (ரலி) வாயிலாகப் பதிவாகியிருக்கும் செய்தி.

இந்நிகழ்ச்சியை நாம் உதுமான் (ரலி) அவர்களின் சிறப்புகளுள் ஒன்றாக மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். இதிலிருந்து மார்க்கத் தீர்ப்பு வழங்குவது உலமாப் பெருமக்களின் பணி; நமக்கு அத்தகுதி இல்லை. ஆயினும், கடை நடத்துகிறவரும் கூலி பெறுகிறவரும் ஒருசேரப் பெறத்தக்க படிப்பினைகள் இதில் உள்ளன.

முதலாவது, அங்கே ஆள் பற்றாக்குறை இருந்தது. மும்மடங்கு எதிரிகள்முன் நின்ற சிறு கூட்டம் அது. "என்னிடம் இருப்பதே மூன்று ஆட்கள்" என்று சொல்லும் கடைக்காரர் சற்றே நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. மதீனாவிலிருந்து புறப்பட்டபோது பெரும்போர் எதிர்பார்க்கப்படவில்லையே என்று வரலாறு அறிந்தோர் கூறலாம். மெய்தான். ஆனால், பங்கு பிரிக்கப்பட்டது போர் முடிந்த பின்னர். 14 தோழர்கள் ஷஹீதான பின்னர். உயிரைப் பணயம் வைத்தவரின் பங்கும், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருந்தவரின் பங்கும் அப்போதும் ஒன்றாகவே எண்ணப்பட்டன.

இரண்டாவது, அவருக்குக் கிடைத்தது அனுமதி மட்டுமன்று, பங்கும் கூட. ஊதியத்தை வெட்டிவிட்டுக் கொடுக்கப்படும் விடுப்பு, வறியவனுக்குப் பூட்டிய கதவே. மூன்றாவது, பெயர் நீக்கப்படவில்லை. அவர்கள் பத்ரு வீரர்களின் வரிசையிலேயே எண்ணப்பட்டார்கள். தாயைப் பேணத் தங்கிய ஊழியரின் பதவி உயர்வும் அவருடைய இடமும் பறிபோகலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று எது?

நான்காவது படிப்பினை ஆண்களாகிய நம்மைச் சுடுவது. அங்கே நோயாளிக்குத் துணையிருக்க நிறுத்தப்பட்டவர் ஓர் ஆண். பேணப்பட்டவர் அவருடைய மனைவி. "வீட்டில் பெண்கள் இருக்கிறார்களே, உனக்கு எதற்கு லீவு?" என்று முதலாளி கேட்பதும், அதைக் கேட்டு ஊழியர் தலையாட்டுவதும் நம்மிடையே சர்வ சாதாரணம். மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள்மீது சட்டமாக விதிக்கப்பட்ட கடமையன்று, அவள் செய்தால் அது அவளுடைய நற்குணம் என்பதே உலமாக்களில் பலர் தரும் விளக்கம். திருமறையின் கட்டளை பிள்ளையை நோக்கியது. மகன் தன் கடமையை மனைவியின் தோளில் ஏற்றிவிட்டு, நற்பெயரை மட்டும் தான் வைத்துக்கொள்வது நீதியாகுமா? அந்தத் தோளும் ஓய்ந்த தோளன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் மாலையில் வீடு திரும்பியதும் இரண்டாவது வேலை நேரம் தொடங்குகிறது. அதற்கு வருகைப் பதிவேடு இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

"விடுப்பு என்று ஒன்றை வைத்தால் பொய் சொல்லி எடுப்பார்களே" என்று முதலாளிமார் அஞ்சுகிறார்கள். நாம் கண்டது இதற்கு நேர்மாறானது. முன்னே குறிப்பிட்ட ஜவுளிக்கடை ஊழியர் அதன்பின் என்ன செய்தார் தெரியுமா? வாரந்தோறும் தமக்கே காய்ச்சல் என்றும் வயிற்றுவலி என்றும் சொல்லி அனுப்பலானார். 16 ஆண்டுகளில் கல்லாவின் ஒரு காசைத் தொடாத அந்த நல்ல மனிதர், தந்தைக்கு நன்மை செய்வதற்காகப் பொய்யரானார். முதலாளியும் அது பொய்யென்று அறிவார், அறிந்தும் பேசாதிருந்தார். விடுப்பு பொய்யை வளர்க்கிறதா, விடுப்பின்மை வளர்க்கிறதா?

இதனால் ஏற்படும் செலவு உண்மையானது என்பதை நாம் மறைக்கவில்லை. சிறு கடைக்காரர் ஒருவரே அதனை முழுவதும் சுமக்க வேண்டும் என்பதும் நியாயமன்று. ஜப்பான் நாட்டில், பேணுதல் தேவைப்படும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்காகவும் ஊழியர் மொத்தம் 93 நாள் விடுப்பை மூன்று தவணைகளாகப் பிரித்து எடுக்கலாம். அந்நாட்களில் கூலியின் 67 விழுக்காட்டை முதலாளி தருவதில்லை. இருசாராரும் சந்தா செலுத்தும் வேலைக் காப்புறுதி நிதி தருகிறது. சுமை பலர்மேல் பரவும்போது ஒருவர் முதுகும் முறிவதில்லை. நம் ஈ.எஸ்.ஐ. நிதியும் இருசாராரின் சந்தாவினால் நடப்பதுதான். அதனைப் பணிவிடை நாட்களுக்கும் விரிக்குமாறு கேட்பது விந்தையான கோரிக்கையன்று.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பல வீடுகளுக்குத் தேவைப்படுவது நீண்ட விடுப்பன்று. முன்கூட்டியே உறுதி செய்யப்பட்ட சில மணி நேரமே. பிற்பகல் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போகிறவர், மறுநாள் காலை கடை திறக்கும் பொறுப்பை ஏற்கலாம். கடைத்தெருவில் நான்கு கடைக்காரர்கள் கூடி, ஒருவர் ஆளில்லாமல் தவிக்கும்போது மற்றவர் ஆளனுப்பி உதவுவதென்று பேசி வைத்துக்கொள்ளலாம். பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள், மருந்துக்குப் பணம் தருவதோடு நில்லாமல், வீட்டுக்குச் சென்று நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கத் தெரிந்த ஓர் ஆளையும் ஊதியம் தந்து அமர்த்தலாம். எதுவாயினும் அது முன்பே அனைவரும் அறியச் சொல்லப்பட்டதாக இருக்கட்டும். முகம் பார்த்து வழங்கப்படுவது தயவு. முறை வைத்து வழங்கப்படுவதே ஹக்கு.

அந்த முதலாளியின் தந்தையும் முதியவரே. நாளை அவரும் படுத்துவிட்டால், கடையைக் கணக்கப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு முதலாளி தலைமாட்டில் அமர்ந்துவிடுவார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தமக்கு இயல்பாகக் கிடைக்கும் அந்த நற்பேற்றை, தம் கடையில் 16 ஆண்டுகள் நின்று கால் கடுத்தவருக்கும் வாரம் இரண்டு பிற்பகல்கள் கிடைக்கச் செய்வது அவர் கையில்தான் இருக்கிறது. பத்ருக்குச் செல்லாதவருக்கும் பங்கு எழுதிய பெருமானாரின் உம்மத்தினர் நாம். நம் கடைகளின் பேரேடுகளிலும் அத்தகைய பங்கு எழுதப்பட வல்ல நாயன் அருள்புரிவானாக!