மொச்சை வடிவ முள் யாருடையது?

கடற்பஞ்சு செத்ததும் அதன் உடல் அழுகிக் கரைந்துவிடும். மிஞ்சுவது அதைத் தாங்கி நின்ற ஸ்பிக்யூல்கள் எனும் முட்கள்தாம். பெரும்பாலான இனங்களில் இவை சிலிக்காவால் ஆனவை. சுண்ணப் பஞ்சுகளில் மட்டும் கால்சியம் கார்பனேட். நீரோட்டம் இவற்றை அள்ளிச் சென்று பல இனங்களின் முட்களை ஒரே சேற்றில் கலந்துவிடுகிறது. சேறு பாறையாகிறது. பல கோடி ஆண்டுகள் கழித்து அதிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை முள் எந்த உயிருடையது என்று அறிய, இன்று வாழும் கடற்பஞ்சுகளின் முட்களோடு ஒப்பிடுவதே வழி.

இந்த வழியை 1870களில் மியூனிக் நகரில் உறுதியாக நிறுவியவர் கார்ல் சிட்டல். அவரிடம் பயின்ற ஜார்ஜ் ஜென்னிங்ஸ் ஹைண்ட் 1880இல் செய்த வேலை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஹார்ஸ்டெட் என்ற இடத்தில் கிடைத்த ஒரே ஒரு சிக்கிமுக்கிக் கல்லின் உட்பொந்தில் மாவாகக் கிடந்த பொடியை எடுத்து, அதிலிருந்த முட்களை வகை பிரித்து ஒரு நூலே எழுதினார். ஒப்பிடுவதற்கான அடுத்த பெரும் செல்வம் சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் சேகரித்தவற்றிலிருந்து வந்தது. மன்னார் வளைகுடாப் பஞ்சுகளை ஆர்தர் டென்டி 1905இல் விவரித்தார். இத்தகைய விவரத் தொகுப்புகள் இல்லாமல் தொல்முள் ஆய்வு ஓரடி நகராது.

ஒப்பீட்டில் முதலில் பார்ப்பது, முள் எத்தனை அச்சில் வளர்ந்திருக்கிறது என்பது. மூன்று அச்சுகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டி ஆறு கதிர்கள் நீண்டால் அது கண்ணாடிப் பஞ்சு. நான்கு அச்சில் வளர்ந்தால் பெரும்பாலும் டெமோஸ்பாஞ்ச் என்ற பெரிய வகுப்பு. உடைந்த கதிரின் குறுக்குவெட்டில் நடுக்கால்வாய் தெரியும். உயிரோடிருந்தபோது அதில் ஒரு புரத இழை ஓடியது. கண்ணாடிப் பஞ்சில் கால்வாய் சதுரம். டெமோஸ்பாஞ்சில் முக்கோணம் அல்லது அறுகோணம். சுண்ணப் பஞ்சில் கால்வாயே கிடையாது. ஆனால் சிலிக்கா கரையத் தொடங்கினால் கால்வாய் அகன்று மூலைகள் மழுங்கிவிடும். அப்போது இந்தச் சான்றும் போய்விடுகிறது.

காலத்தில் மிகப் பின்னே சென்றால் விதியே தளர்கிறது. கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறையில் கிடைத்த, 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட எய்ஃபீலியா என்ற தொல்பஞ்சு, சுண்ணப் பஞ்சு மரபோடு சேர்த்துப் பேசப்பட்டது. கண்ணாடிப் பஞ்சுக்கே உரியவை என்று கருதப்பட்ட வகை முட்களும் அதே உடலில் இருந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று தனித்தனியாக நிற்கும் வகுப்புகளின் அடையாளங்கள் அன்று ஒரே உயிரில் கலந்திருந்தன.

வகுப்பு தெரிந்த பிறகுதான் உண்மையான சிக்கல். இரு முனையும் கூரான சாதாரணக் கம்பி முள் எண்ணற்ற இனங்களில் உண்டு. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. துப்புத் தருபவை பெரும்பாலும் 100 மைக்ரானுக்கும் குறைவான சிறுமுட்கள். மெலிந்தவை என்பதால் முதலில் கரைவதும் அவைதான். கனமான சில வகைகள் மட்டும் தப்புகின்றன. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் சுமார் 16 கோடி ஆண்டுப் பழைய ஜுராசிக் பாறைகளில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் முட்கள் அப்படிப்பட்டவை. மொச்சைக்கொட்டை போல, ஒரு பக்கம் சற்றுக் குழிந்த வழவழப்பான முட்கள். 1890இல் ஹைண்ட் இவற்றுக்கு ரேக்ஸெல்லா என்று பெயரிட்டார்.

வாழும் பஞ்சுகளில் இதற்கு இரண்டு ஒப்புமைகள் உண்டு. ஜியோடியாவின் தோலில் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஸ்டெராஸ்டர் என்ற சிறுமுள் ஒன்று. நடுப்புள்ளியிலிருந்து மெல்லிய கதிர்கள் எல்லாப் பக்கமும் கிளம்பி, இடைவெளிகளில் சிலிக்கா நிரம்பி உருண்டையாகிறது. ஒவ்வொரு கதிர் நுனியும் பல் பல்லாய் விரிந்த சிறு பூவாக முடிகிறது. ஓரிடத்தில் மட்டும் ஒரு சிறு குழி. மற்றொன்று பிளாக்கோஸ்பாஞ்சியாவின் செலினாஸ்டர். அதுவும் கெட்டியான கவசம்தான், குழியும் உண்டு. ஆனால் அது வளைந்த தண்டு ஒன்றைச் சுற்றி வளர்கிறது. இந்த இரு பஞ்சுகளுக்கும் நெருங்கிய உறவு இல்லை. இரண்டும் தனித்தனியே ஒரே மாதிரிக் கவசத்துக்கு வந்து சேர்ந்தவை.

ஆகவே முழு வளர்ச்சி பெற்ற முள்ளின் வெளியுருவம் மட்டும் போதாது. வாழும் பஞ்சின் ஒரு துண்டை ப்ளீச்சில் ஊறவைத்துச் சதையை நீக்கினால், வளரும் நிலையிலுள்ள முட்களும் முதிர்ந்தவையும் சேர்ந்தே கிடைக்கும். ஒப்பிட வேண்டியது அந்த வரிசை முழுவதையும். கூடக் கிடக்கும் பெருமுட்களும் சாட்சி சொல்லும்: மூன்று கிளை விரிந்த நீள்முள் இருந்தால் ஜியோடியா பக்கம், ஒரு முனை உருண்டு மறுமுனை கூராக இருந்தால் பிளாக்கோஸ்பாஞ்சியா பக்கம். கலந்துபோன சேற்றில் இதையும் எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

ரேக்ஸெல்லாவின் வழவழப்புக்கும் இரண்டு விளக்கங்கள் உண்டு: இயல்பாகவே அப்படி இருந்திருக்கலாம், அல்லது மேற்பரப்புப் பூக்கள் கரைந்து போயிருக்கலாம். பல முட்களில் சிலிக்காவே கரைந்து முள்ளின் வடிவில் வெறும் குழிதான் மிஞ்சியிருக்கிறது. ரேக்ஸெல்லாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் அறிஞர்கள் இரு பிரிவாக நிற்கிறார்கள். உள்வளர்ச்சியின் தடமோ நம்பத்தக்க துணைமுட்களோ இல்லாத மாதிரிக்கு, அருங்காட்சியகச் சீட்டில் டெமோஸ்பாஞ்ச் என்று மட்டும் எழுதி நிறுத்துவதே சரி என்பது என் முடிவு.