தெரியாததைத் தெரியும் என்று எழுதலாமா?

வேலை கிடைப்பது அரிதான காலத்தில், விண்ணப்பத்தில் சற்றுக் கூட்டி எழுதுவது குற்றமாகுமா? உலகத்தார் இதைச் சாமர்த்தியம் என்பர். வயிற்றுப்பாட்டுக்காகச் சொன்ன பொய்யை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார் என்றும் கேட்பர். நம் குடும்பங்களிலும் உத்தியோகம் தேடும் பிள்ளைகள் உண்டு. ஆகையால் இக்கேள்வியை நிதானமாக ஆராய்வது நன்று. அமெரிக்காவில் ஊர்விட்டு ஊர் சென்று வேலை பார்க்கும் நர்சுகளின் நிலைமை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

அந்நாட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்சுகள் போதாதபோது, ஏஜென்சிகள் மூலமாக வெளியூர் நர்சுகளைக் குறுகிய காலத்துக்கு அமர்த்துகிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை என்பது வழக்கம். கொரோனா பரவிய 2020 முதல் 2022 வரை இவர்களுக்குத் தேவை பெருகிற்று. சம்பளமும் மிக உயர்ந்தது. பலர் நிரந்தர வேலையை விட்டு இதில் சேர்ந்தனர். பின்பு தேவை குறைந்தது, சம்பளம் இறங்கிற்று. ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடும் நிலை வந்தது.

விண்ணப்பிக்கும் நர்சு ஒரு பட்டியலை நிரப்ப வேண்டும். அவள் கேட்கும் பிரிவுக்குரிய வேலைகள் அதில் வரிசையாக இருக்கும். பழக்கமில்லை என்றால் 1, பிறர் துணையின்றிச் செய்வேன் என்றால் 4, என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் எதிரே எண் இட வேண்டும். சோதனை இங்கேதான் வருகிறது. பொது வார்டில் மட்டும் பழகிய ஒரு நர்சை எண்ணிப் பாருங்கள். காலியாக இருப்பதோ தீவிர சிகிச்சைப் பிரிவில். வென்டிலேட்டர் என்னும் மூச்சு இயந்திரம் வைத்த நோயாளியை அவள் தனியே கவனித்ததில்லை. 1 என்று எழுதினால் வேலை இல்லை. 4 என்று எழுதினால் கிடைக்கலாம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் கண்முன் நிற்கின்றன. “எழுதி வை, போன இடத்தில் கற்றுக்கொள்ளலாம்” என்று சொல்லவும் ஆள் உண்டு.

ஆனால், போன இடத்தில் கற்றுக்கொள்ள நேரம் ஏது? நிரந்தரமாகச் சேரும் நர்சுக்குப் பல வாரம் பழக்கிக் கொடுப்பர். இவளுக்கோ பெரும்பாலும் ஓரிரு நாள்தான். கற்றுக்கொடுக்கத் தேவையில்லை என்று நம்பித்தானே இவளை வரவழைத்தார்கள்! நள்ளிரவில் இயந்திரத்தின் மணி அலறும்போது, காகிதத்தில் எழுதிய 4 என்ற எண் ஓடிவந்து உதவாது. படுக்கையில் கிடப்பவர் வாய்திறந்து பேசவும் முடியாதவர்.

“ஆஸ்பத்திரிகள் மட்டும் சொன்ன சொல்லைக் காக்கின்றனவா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். பெட்டி கட்டிப் புறப்பட்ட பிறகு ஒப்பந்தத்தை ரத்துச் செய்வதும், நடுவிலே சம்பளத்தைக் குறைப்பதும் நடந்திருக்கின்றன. அது அநீதி, அப்படிச் செய்தவர்கள் அதற்கு உத்தரவாதிகள். எனினும் ஒருவன் பட்ட கடனை வேறொருவனிடம் வசூலிப்பது நியாயமாகுமா? நோயாளி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. யாரையும் ஏமாற்றவுமில்லை. பொய்யின் பாரம் முழுவதும் அவர் தலையில் அல்லவா விழுகிறது! ஏஜென்சிக்கும் நர்சுக்கும் நடுவே சொல்லப்பட்டதாகத் தோன்றும் பொய், உண்மையில் முகந்தெரியாத மூன்றாவது மனிதருக்கு விரோதமாகச் சொல்லப்பட்டதாகும்.

1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் நர்சுகளுக்கென்று ஒரு வாக்குறுதி இயற்றப்பட்டது. தன் பொறுப்பில் விடப்பட்டவர்களுக்குத் தீங்கானதைச் செய்யமாட்டேன் என்பது அதன் சாரம். அந்த வாக்கை, வார்டில் கால் வைக்குமுன், விண்ணப்பம் எழுதும் மேசையிலேயே காக்கத் தொடங்க வேண்டும்.

உண்மை என்பது தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் அன்று. நன்றாகத் தெரிந்ததற்கு 4 போடக் கூசுவது தாழ்ச்சியாகாது. முன்பு செய்து, அண்மையில் கைவிட்டுப்போன வேலையானால், அதை அப்படியே எழுதலாம். இடையிலுள்ள எண்கள் அதற்காகவே இருக்கின்றன.

அப்படியானால் நேர்மையுள்ளவள் பட்டினி கிடப்பதா? இல்லை. ஒரே ஏஜென்சியை நம்பாமல் பலவற்றில் பதியலாம். பிறர் தயங்கும் இரவு வேலையையும் சிற்றூர் ஆஸ்பத்திரியையும் கேட்கலாம். ஏறக்குறைய 40 மாநிலங்களுக்குச் செல்லுபடியாகும் ஒரே லைசென்சு உண்டு. அதில் சேர்ந்த மாநிலத்தில் குடியிருப்பவர் அதைப் பெறலாம். சொந்த ஊரிலேயே வேலையில் அமர்ந்து, குறைவாயுள்ள பழக்கத்தை முறையாகத் தேடிக்கொள்ளலாம். இவை மெதுவான வழிகள். சில வேளை சம்பளமும் குறைவு. நேர்மைக்கு விலை இல்லையென்று நாம் சொல்லவில்லை.

அந்த விலையில் ஒரு பங்கைக் குடும்பமும் செலுத்த வேண்டும். “இன்னுமா கிடைக்கவில்லை? அடுத்த வீட்டுப் பெண் எவ்வளவு அனுப்புகிறாள், பார்” என்று நாள்தோறும் நச்சரிக்கும் பெற்றோரும் கணவரும், அந்தப் பொய்யான எண்ணை எழுதும் கையைப் பின்னின்று தள்ளுகிறார்கள். வேலை தேடும் பிள்ளையிடம், “தெரிந்ததை மட்டும் எழுது, கொஞ்ச காலம் சிக்கனமாக இருந்து சமாளிப்போம்” என்று சொல்லும் வீடே அப்பிள்ளையின் மனச்சாட்சிக்கு உற்ற துணையாகும்.