விளையாட்டுக்காகவும் அச்சுறுத்தல் ஆகாது



நாம் ஓதிக் கொடுக்கும் மக்தபில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன். சுபுஹுக்குப் பாங்கு சொன்னதும் அத்தாவுக்கு முன்னால் பள்ளிவாசலுக்கு ஓடி வந்து விடுவான். திடீரென்று வருவதை நிறுத்தி விட்டான். மாலையில் ஓத வந்தாலும் ஹவுளுக்குத் தனியே போய் ஒளுச் செய்ய மறுத்தான். "இருட்டுக்கு அஞ்சுகிறாயா? முஸ்லிம் பிள்ளை அல்லாஹ் ஒருவனுக்குத்தானே அஞ்ச வேண்டும்!" என்று மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கண்டித்தோம். அவன் தலையைக் குனிந்து கொண்டான். மறுநாள் முதல் மக்தபுக்கும் வரவில்லை.

அவனுடைய தாயார் சொல்லி அனுப்பிய பிறகுதான் சங்கதி விளங்கிற்று. பிள்ளை உறங்கி விட்டான் என்றெண்ணி வீட்டார் இரவில் டெலிவிஷனில் பேய்ப் படம் ஒன்று பார்த்திருக்கிறார்கள். அவன் போர்வைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து வரும் காட்சி. அன்றிலிருந்து ஹவுளைக் கண்டால் அவனுக்கு நடுக்கம்.

நாம் சொன்ன சொல் உண்மையானதுதான். ஆனால் அதைச் சொன்ன இடமும் முறையும் தவறு. நோயுற்ற பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் அடி கொடுத்து விட்டோம். அந்த வருத்தமே இதனை எழுத வைக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. 1992 அக்டோபர் 31 இரவு பிரிட்டனில் பி.பி.சி. 'கோஸ்ட்வாட்ச்' என்ற நிகழ்ச்சியைக் காட்டிற்று. ஒரு குடும்பம் வாழும் வீட்டில் பேய் நடமாடுவதாகவும், அதனை அப்பொழுதே நேரில் காட்டுவதாகவும் அதன் அமைப்பு. உண்மையில் அது எழுதி, நடித்து, முன்பே படம் பிடிக்கப்பட்ட கதை. ஆனால் நடத்தியவரோ மைக்கேல் பார்கின்சன் என்ற பேர்பெற்ற பேட்டியாளர். பேய் வீட்டுக்குள் போனவர் சாரா கிரீன், சிறுவர் நிகழ்ச்சிகளில் பிள்ளைகள் பார்த்துப் பழகிய முகம். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பலர் மெய்யென்றே நம்பினார்கள். அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர் இருவர் மன அதிர்ச்சி நோய்க்கு ஆளானதை 1994இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்ற மருத்துவ ஏடு வெளியிட்டது.

"நடிகர் பெயர்களைப் போட்டுத்தானே காட்டினார்கள்?" என்று கேட்கலாம். பிள்ளை பெயர்ப் பட்டியலையா படிக்கிறது? தான் நம்பிய முகத்தையல்லவா பார்க்கிறது!

பெருமானார் (ஸல்) அவர்களுடன் தோழர்கள் பயணம் போனபோது ஒருவர் உறங்கி விட்டார். மற்றவர் விளையாட்டாக அவரிடமிருந்த கயிற்றை எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது தடுத்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. வளர்ந்த மனிதரை ஒரு கயிற்றைக் கொண்டு திடுக்கிடச் செய்வதே ஆகாதென்றால், பச்சிளம் நெஞ்சை இரவெல்லாம் நடுங்க வைப்பது எப்படி ஆகும்?

அதே நூலில் இன்னொரு செய்தி. ஒரு தாய் தம் மகனை, "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன தரப் போகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்றார். ஒன்றும் தராமலிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். "சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி வருவான்" என்கிறோமே, அது எந்தக் கணக்கில் எழுதப்படும்? சிந்தியுங்கள்!

நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. "பேய் என்று ஒன்றுமே இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட நம்மால் முடியாது. ஜின் இனம் இருப்பதைத் திருமறை சொல்கிறது. ஆகவே பிள்ளைக்குச் சரியானதைச் சொல்ல வேண்டும். இறந்தவர் ஆவியாக அலைந்து பழி தீர்ப்பதென்பது படக்கதை. மரணித்தவர் 'பர்ஸக்' உலகில் இருக்கிறார். ஜின்களும் அல்லாஹ்வின் படைப்பு. அவன் நாட்டமின்றி அவற்றால் எந்தத் தீங்கும் செய்ய இயலாது. இதனைப் பகலில், மடியில் இருத்தி, நிதானமாகச் சொல்லுங்கள்.

மிகச் சிறிய பிள்ளைக்கு விளக்கமும் பயன்படாது. அமெரிக்கப் பேராசிரியை ஜோன் கேன்டர் இதனை ஆராய்ந்திருக்கிறார். 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரில் நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிற உருவமாக மாறிப் பிறரைக் காப்பாற்றுவார். பெரியவர்களுக்கு அதில் பயமில்லை. சிறு பிள்ளைகளோ அந்த உருவத்தைக் கண்டே அஞ்சினார்கள். அவ்வயதில் கண் பார்த்ததுதான் மெய். "பொய்யடா" என்பதைவிட, அணைத்துக் கொண்டு ஒரு மிடறு தண்ணீர் கொடுப்பதே அவர்களுக்கு ஆறுதல்.

டெலிவிஷன் பார்ப்பது பற்றிய மார்க்கச் சட்டம் இங்கே நம் பேச்சன்று. அது வீட்டுக்குள் வந்து விட்டது. தேர்ந்தெடுக்கும் கடமை பெற்றோருடையது. இணையவழிப் படங்களுக்கு 7, 13, 16 என்று வயதுக் குறியிடவும், 13க்கும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வைக்கவும் இந்தியாவில் 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறோமா? பிள்ளை காணுமுன் நாம் காண வேண்டும். உறங்கப் போகும் நேரத்தில் அச்சக் கதை வேண்டாம். கேட்டே தீருவேன் என்று அடம் பிடித்தால், 1969இல் வந்த முதல் 'ஸ்கூபி டூ' தொடர் போன்றதைப் பார்க்கலாம். அதில் பேயின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மோசடிக்கார மனிதன் இருப்பான். பயத்துக்குப் பின்னால் பொய் இருக்கக்கூடும் என்றாவது பிள்ளை கற்றுக் கொள்ளும். அதையும் அருகிலிருந்தே பாருங்கள்.

படுக்கும்போது குல்ஹுவல்லாஹு, ஃபலக், நாஸ் மூன்றையும் ஓதிக் கைகளில் ஊதி உடலில் தடவிக் கொள்வது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம். பேரர்கள் ஹஸன், ஹுஸைன் இருவருக்காகவும் அல்லாஹ்விடம் காவல் தேடுவார்கள். டெலிவிஷனை அணைத்துவிட்டு இதனைச் செய்யும் தாய், பிள்ளைக்கு ஒரு கோட்டையைக் கட்டிக் கொடுக்கிறாள்.

நாம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். நாம் பேசியது தவறென்று அவனிடமே சொன்னோம். பிறகு சில நாட்கள் அவன் கையைப் பிடித்து ஹவுளுக்கு அழைத்துச் சென்று பக்கத்திலிருந்து ஒளுச் செய்தோம். ஒரு நாள், "நீங்கள் இங்கேயே நில்லுங்கள் ஹஜ்ரத், நான் போய் வருகிறேன்" என்றான். நின்றோம். போய் வந்தான்.

நம் பிள்ளைகளின் நெஞ்சங்கள் நம்மிடம் அமானிதம். அவற்றில் வீண் அச்சத்தை விதைக்காமல், தன் மீது அன்பு கலந்த அச்சத்தை விதைக்க வல்ல நாயன் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.